ஆங்கிலப் பத்தியைக் கூர்ந்து படிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து எனக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தது. அதில் முன்பணத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "தி டெபாசிட் இஸ் ரீஃபண்டபிள் ஒன்லி அன்டில் யூ அக்செப்ட் தி ஆஃபர்." எனக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. பணம் திரும்பக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு, சேர்க்கையை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பிறகு சேர முடியாமல் போனது. பணத்தைக் கேட்டு எழுதியபோது, அதே வாக்கியத்தை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஏற்றுக்கொள்ளும் வரை மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும் என்று அது தெளிவாகச் சொல்லியிருந்தது. "ஒன்லி அன்டில்" என்ற இரண்டு சொற்களின் மேல் என் கண் நிற்கவே இல்லை.

அதற்கு முன் நான் செய்துவந்த பயிற்சியெல்லாம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதுதான். தெரிந்த சொல்லிலிருந்து அடுத்த தெரிந்த சொல்லுக்குத் தாவி, இடையில் இருப்பதை ஊகத்தால் நிரப்பிக்கொள்வதை வாசிப்பு என்று நினைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. எந்த வரிசையில் செய்திருந்தால் அது சீக்கிரம் முடிந்திருக்குமோ, அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். எளிய ஆங்கில வாக்கியங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்கள் இன்னும் சில மாதம் கழித்து வாருங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

செலவு மிகக் குறைவு. ஒரு பென்சில், ஒரு அழிப்பான், ஒரு நோட்டு, பத்தியின் அச்சுப் பிரதி, ஓர் அகராதி. இவ்வளவுதான். பத்தியைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். திரையில் விரல் தானாகவே மேலே தள்ளிக்கொண்டு போகும். தாளில் கோடு போடவும் அம்புக்குறி இழுக்கவும் முடியும். அச்செடுக்க வழியில்லை என்றால் பத்தியைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். எழுதும்போதே பாதி கவனம் வந்துவிடும்.

அகராதி, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதியாக இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இப்படிப்பட்ட அகராதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. லாங்மன் கற்போர் அகராதி சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே மற்றச் சொற்களை விளக்குகிறது. ஆகவே விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேட வேண்டியதில்லை. ஆங்கில-தமிழ் அகராதியும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அதை இரண்டாவதாகத் திறங்கள்.

பணம் கட்டும் செயலிகளிலும் வகுப்புகளிலும் இந்தக் கட்டத்தில் சேராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பத்தியோடு அரை மணி நேரம் உட்கார முடியாதவருக்கு எந்த வகுப்பும் உதவாது. உட்கார முடிந்தவருக்கு முதல் ஆறு மாதம் வகுப்பே தேவையில்லை.

2. பத்தியைத் தேர்ந்தெடுத்தல்

120 முதல் 150 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் கூர்மை மழுங்கிவிடும்.

கடினத்தை அளக்க எளிய வழி: 100 சொற்களை எண்ணி, தெரியாதவற்றுக்கு அடியில் புள்ளி வையுங்கள். துணையின்றித் தானே படித்துப் புரிந்துகொள்ள 100-க்கு ஏறக்குறைய 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் உள்ளிட்டோரின் கணிப்பு. நாம் அகராதியோடு, மெதுவாகப் படிக்கப் போகிறோம். எனவே 5 புள்ளி வரை இருக்கலாம். 10 புள்ளி விழுந்தால் அந்தப் பத்தியை எடுத்துவையுங்கள். நான் பிடிவாதமாகக் கடினமான பத்திகளையே எடுத்து மூன்று மாதத்தை வீணாக்கினேன். அங்கே நடந்தது அகராதியைப் புரட்டும் பயிற்சி மட்டுமே.

ஒரு கருத்தை முன்வைத்து வாதிடும் சிறு கட்டுரைகளும் நாளிதழ்த் தலையங்கங்களும் சிறந்தவை. விக்கிப்பீடியாவின் எளிய ஆங்கிலப் பதிப்பு முதல் மாதத்துக்கு ஏற்றது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் பல்லாயிரம் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள். அந்த நடையும் சொற்பொருளும் இன்றைய ஆங்கிலத்திலிருந்து விலகியிருக்கும் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செய்தித் தலைப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் "எ", "தி", "இஸ்", "ஆர்" போன்றவற்றை விட்டுவிடுவார்கள். நாம் உற்றுப் பார்க்க வேண்டியவை அவைதான்.

3. முதல் வாசிப்பு: 3 நிமிடம்

அகராதியை மூடிவையுங்கள். பென்சிலையும் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படியுங்கள். பிறகு பத்தியைக் கவிழ்த்துவைத்து, அது என்ன சொல்கிறது என்பதை நோட்டில் ஒரே வாக்கியமாகத் தமிழில் எழுதுங்கள். தவறாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். கடைசியில் இந்த வாக்கியத்தோடு ஒப்பிடத்தான் போகிறோம். நீங்கள் வழக்கமாக எங்கே தடுக்கி விழுகிறீர்கள் என்பதை அந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கும்.

4. வினைமுற்றைக் கண்டுபிடித்தல்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். தமிழராகிய நமக்கு ஆங்கிலத்தில் ஏற்படும் தடுமாற்றத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

தமிழில் பயனிலை கடைசியில் வரும். பெயரெச்சம் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். "மேலாளருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது" என்றால், "அனுப்பிய" எச்சம், "வந்தது" முற்று என்பதைச் சொல்லின் விகுதியே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த எச்சம் பெயருக்குப் பின்னால் போய் நிற்கும்; பல சமயம் வினைமுற்றைப் போலவே வேடமிட்டு நிற்கும். "தி லெட்டர் சென்ட் டு தி மேனேஜர் வாஸ் ரிட்டர்ன்ட்" என்ற வாக்கியத்தில் "சென்ட்" என்பதைப் பார்த்ததும் கடிதம் அனுப்பப்பட்டது, வாக்கியம் முடிந்தது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. அப்புறம் வரும் "வாஸ் ரிட்டர்ன்ட்" எங்கே ஒட்டுகிறது என்று தெரியாமல் திணறுகிறோம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. சந்தேகத்துக்குரிய சொல்லுக்கு முன்னால் "தட் வாஸ்" என்று நுழைத்துப் பாருங்கள். "தி லெட்டர் தட் வாஸ் சென்ட் டு தி மேனேஜர்" என்பது பொருந்துகிறது, பின்னால் இன்னொரு வினையும் மிச்சமிருக்கிறது. ஆகவே "சென்ட்" இங்கே எச்சம்.

இரண்டு வாக்கியம் கொண்ட ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முடியும் வரை இது நம்மோடு வரும்:

"ஃபியூ ஆஃப் தி ட்ரீஸ் பிளான்டட் அலாங் தி ரோட் சர்வைவ்ட் தி சம்மர், விச் வாஸ் ஹார்ட்லி சர்ப்ரைசிங், சின்ஸ் நோ ஒன் ஹேட் வாட்டர்ட் தெம். தி கவுன்சில் கால்ட் இட் பேட் லக்."

பென்சிலை எடுங்கள். வினைமுற்று என்று தோன்றுபவற்றுக்கெல்லாம் இரட்டைக் கோடு போடுங்கள். முதல் வாக்கியத்தில் "சர்வைவ்ட்", "வாஸ்", "ஹேட் வாட்டர்ட்" ஆகிய மூன்றும் முற்றுகள். "பிளான்டட்" முற்று அன்று. "தட் வேர்" என்று நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து, எந்த முற்றுக்கு முன்னால் "விச்", "தட்", "சின்ஸ்", "வென்", "இஃப்", "பிகாஸ்" போன்ற சொல் நிற்கிறதோ, அந்தப் பகுதியைப் பிறை அடைப்புக்குள் போடுங்கள். வெளியே மிஞ்சும் முற்றுதான் வாக்கியத்தின் முதுகெலும்பு. இங்கே அது "சர்வைவ்ட்". எவை பிழைத்தன? "ஃபியூ ஆஃப் தி ட்ரீஸ்". அந்த எழுவாயை வட்டமிடுங்கள்.

தொடக்கத்தில் ஒரு பத்திக்கு இதைச் செய்து முடிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது. இரண்டு மாதத்தில் கோடு போடாமலே கண் தானாக முற்றைத் தேடிப் போகத் தொடங்கியது.

5. சின்னச் சொற்களில் நின்று பார்த்தல்

நீளமான சொல்லைக் கண்டால் பயந்து அகராதியைத் திறக்கிறோம். சின்னச் சொல்லைத் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். பொருளைத் தலைகீழாக்குபவை பெரும்பாலும் இந்தச் சின்னச் சொற்கள்தான்.

நம் வாக்கியத்தில் "ஃபியூ" இருக்கிறது. "எ ஃபியூ" என்றால் சில மரங்கள் பிழைத்தன, பரவாயில்லை என்ற தொனி. "எ" இல்லாமல் "ஃபியூ" என்று மட்டும் வந்தால் பிழைத்தவை சொற்பமே, கிட்டத்தட்ட எதுவும் இல்லை என்ற பொருள். "லிட்டில்", "எ லிட்டில்" ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடு. "ஹார்ட்லி" என்பதற்கும் "ஹார்ட்" என்பதற்கும் இன்றைய பொருளில் தொடர்பில்லை. "ஹார்ட்லி சர்ப்ரைசிங்" என்றால் வியப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று பொருள். "மிகவும் வியப்பானது" என்று எழுதி வந்த பலரை நான் பார்த்திருக்கிறேன். "சின்ஸ்" என்றால் "அப்போதிலிருந்து" என்று மட்டுமே மனப்பாடம் செய்திருப்போம். இங்கே அது "ஏனென்றால்".

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், கண்டால் நிற்க வேண்டிய சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்லி, ஈவன், அன்லெஸ், அன்டில், பை, எக்செப்ட், ராதர், பேர்லி, மே, மஸ்ட், ஷுட், யெட், தோ, ஹவ்எவர். உங்கள் பட்டியலை நீங்கள் ஏமாந்த இடங்களிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பட்டியல் உங்கள் கண்ணில் ஒட்டாது.

இவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒன்று, "பட்", "ஹவ்எவர்", "யெட்" போன்ற திருப்பச் சொற்கள். வாதக் கட்டுரைகளில் எதிர்த்தரப்பின் கருத்தை மூன்று வரி நியாயமாகச் சொல்லிவிட்டு, திருப்பச் சொல்லுக்குப் பிறகுதான் எழுதியவர் தம் கருத்துக்கு வருவார். முதல் மூன்று வரியை அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டால் முழுக் கட்டுரையும் புரண்டுவிடும். திருப்பச் சொல்லைக் கண்டதும் ஓரத்தில் ஒரு வளைந்த அம்பு போடுங்கள்.

இன்னொன்று "ஒன்லி". அது எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கேட்டே ஆக வேண்டும். "ஒன்லி ஷி சைன்ட் தி ஃபார்ம்" என்றால் கையெழுத்திட்டவர் அவர் ஒருவர்தான். "ஷி சைன்ட் ஒன்லி தி ஃபார்ம்" என்றால் அவர் கையெழுத்திட்டது படிவத்தில் மட்டுந்தான், வேறெதிலும் இல்லை. தமிழில் "மட்டும்" என்ற சொல்லை எதற்குப் பின்னால் வைப்பீர்கள் என்று யோசித்தால் விடை வந்துவிடும்.

6. அம்புக்குறி இழுத்தல்

"இட்", "திஸ்", "தெம்", "விச்" ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறதோ அதை நோக்கி ஓர் அம்பு இழுங்கள். "தெம்" மரங்களுக்குப் போகும். "விச்" எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் "சம்மர்" என்ற சொல்லுக்குப் போவதாகத் தோன்றும். கோடை வியப்பானதாக இல்லை என்று படித்தால் அடுத்து வரும் காரணம் பொருந்தாது. மரங்கள் பிழைக்கவில்லை என்ற முழுச் செய்தியையும்தான் அந்த "விச்" சுட்டுகிறது. முன்னால் காற்புள்ளி வைத்து வரும் "விச்" இப்படி ஒரு வாக்கியத்தையே தன் தோளில் சுமக்கலாம். அம்பு எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். ஊகித்து இழுக்காதீர்கள்.

7. இப்போது அகராதி: 10 நிமிடம்

புள்ளி வைத்த எல்லாச் சொற்களையும் தேட வேண்டியதில்லை. வாக்கியத்தின் முதுகெலும்பில் இருக்கும் சொல்லையும், பத்தியில் இரண்டு முறை வரும் சொல்லையும் முதலில் பாருங்கள். முதல் பொருளோடு நிறுத்திவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எது உங்கள் பத்தியைப் போல இருக்கிறது என்று பார்த்து அந்தப் பொருளை எடுங்கள். அகராதி "டிஸ்அப்ரூவிங்" (குறைகூறும் தொனி), "ஃபார்மல்" (முறைசார்ந்த நடை) போன்ற குறிப்புகளைத் தரும். அவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல் ஆபத்தானது. "அட்ரஸ் தி ப்ராப்ளம்" என்றால் சிக்கலைத் தீர்க்க முனைவது. முகவரிக்கு அங்கே வேலையில்லை. "ஓவர்லுக்" என்றால் கவனிக்கத் தவறுவது என்றும் பொருள் உண்டு. "சாங்ஷன்" என்பது அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். "புட் அப் வித்" போன்ற தொடர்களைத் தனித்தனிச் சொல்லாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முழுத் தொடராகத் தேடினால் "பொறுத்துக்கொள்" என்று வரும்.

நாம் தமிழில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுங்கள். "டவுட்" என்பதைக் கேள்வி என்ற பொருளில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலப் பத்தியில் அது பெரும்பாலும் நம்பிக்கையின்மையைக் குறிக்கும்.

8. எழுதியவரின் குரலைக் கேட்டல்

நம் பத்தியின் இரண்டாவது வாக்கியத்துக்கு வாருங்கள். "தி கவுன்சில் கால்ட் இட் பேட் லக்." நகரமன்றம் அதைத் துரதிர்ஷ்டம் என்றது. எழுதியவர் அதை ஒப்புக்கொள்கிறாரா? யாருமே தண்ணீர் ஊற்றவில்லை என்று சற்று முன்தான் சொன்னார். "இட் வாஸ் பேட் லக்" என்று எழுதாமல் "கால்ட்" என்று எழுதியதால், அது மன்றத்தின் சொல், என் சொல் இல்லை என்று விலகி நிற்கிறார். அடக்கமாக எழுதிய இந்த ஆறு சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டே இருக்கிறது. இது முதன்முதலில் எனக்குப் பிடிபட்ட நாளில், ஆங்கிலத்தில் அதுவரை நான் படித்தவற்றையெல்லாம் மறுபடி படிக்க வேண்டும் போலிருந்தது.

பிறர் கூற்றைச் சொல்லும் வினைகளைக் கவனியுங்கள். "கிளெய்ம்ட்" என்றால் அவர் அப்படிச் சொல்கிறார், உண்மைக்கு நான் பொறுப்பில்லை. "பாயின்டட் அவுட்" என்றால் அது உண்மைதான் என்று எழுதியவரும் ஏற்கிறார். "அட்மிட்டட்" என்றால் சொல்ல விரும்பாததைச் சொல்ல நேர்ந்தது.

9. தமிழில் எழுதி, மறுநாள் திருப்புதல்

பத்தி முழுவதையும் நல்ல தமிழில் எழுதுங்கள். ஒரு சொல்லும் விடுபடக் கூடாது. அதே சமயம் தமிழாக இருக்க வேண்டும். எங்கே தமிழ் வரவில்லையோ அங்கே ஆங்கிலம் புரியவில்லை என்று பொருள். இந்தச் சோதனை என்னை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. முதலில் எழுதிய ஒற்றை வாக்கியத்தோடு ஒப்பிட்டு, எங்கே மாறுபட்டீர்கள், எந்தச் சொல் காரணம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

மறுநாள் ஆங்கிலப் பத்தியைப் பார்க்காமல் உங்கள் தமிழை ஆங்கிலமாக்குங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். "எ", "தி", "ஹேட்" எல்லாம் எங்கெங்கே விட்டுப்போயிற்று என்று தெரியும். "ஹேட் வாட்டர்ட்" என்பதை நான் "வாட்டர்ட்" என்றுதான் எழுதினேன். தண்ணீர் ஊற்றாதது முந்தியது, மரங்கள் பட்டுப்போனது பிந்தியது என்ற கால வரிசையை அந்த "ஹேட்" காட்டுகிறது என்பது, அதை நானே தவறவிட்ட பிறகுதான் மனதில் பதிந்தது.

10. நேரக் கணக்கு

ஒரு பத்திக்கு 40 நிமிடம். வாரத்துக்கு 4 பத்தி போதும். மீதி நாட்களில் மறுநாள் வேலையைச் செய்யலாம். முதல் மாதம் முன்னேற்றமே தெரியாது, வேகம் இன்னும் குறைந்ததாகக்கூடத் தோன்றும். பலர் கைவிடுவது இந்த மாதத்தில்தான். எனக்கு மூன்றாவது மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இதோடு தினமும் 20 நிமிடமாவது எளிமையான, பிடித்த ஒன்றை நிறுத்தாமல் படியுங்கள். அதில் கோடு போடக் கூடாது, அகராதி பார்க்கக் கூடாது. இரண்டு வகை வாசிப்பையும் ஒரே நூலில் செய்தால் இரண்டும் கெடும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். முழுவதையும் இப்படிப் படிக்க நேரம் இருக்காது. கேள்வி தொடும் இரண்டு மூன்று வரிகளில் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கூர்ந்து பாருங்கள். "ட்ரூ", "ஃபால்ஸ்", "நாட் கிவன்" வகைக் கேள்விகளில், பத்தி மறுத்தால்தான் "ஃபால்ஸ்". பத்தி பேசவே இல்லை என்றால் "நாட் கிவன்". கேள்வியில் இருக்கும் "ஆல்", "ஒன்லி", "மோஸ்ட்" போன்ற சொல்லை முதலில் வட்டமிட்டுக்கொண்டு பத்திக்குள் போங்கள்.

11. கடிதங்களும் ஒப்பந்தங்களும்

பணமோ கையெழுத்தோ சம்பந்தப்பட்ட ஆங்கிலத் தாள் எதுவாக இருந்தாலும், பதில் அனுப்பும் முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு நிரப்புங்கள்: நான் செய்தே ஆக வேண்டியவை, எந்தத் தேதிக்குள், எந்த நிபந்தனையின் பேரில். "மஸ்ட்", "ஷால்" வரும் வரிகள் முதல் கட்டத்துக்குப் போகும். "மே" வந்தால் அது அனுமதியா, நடக்கக்கூடும் என்ற வாய்ப்பு மட்டுமா என்று பாருங்கள். "மே நாட்" என்றால் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் தடை. "பை" வரும் தேதிக்குள் ஒருமுறை செய்து முடித்தால் போதும். "அன்டில்" வரும் தேதி வரை ஒரு நிலை நீடிக்கும். "நோ லேட்டர் தன்" என்றால் அந்தத் தேதியும் உள்ளடங்கும். "இஃப்", "அன்லெஸ்", "ப்ரொவைடட் தட்", "சப்ஜெக்ட் டு" வரும் வரிகள் மூன்றாவது கட்டத்துக்குப் போகும். "அன்லெஸ்" வந்தால் அதைத் தமிழில் "இல்லாவிட்டால்" என்று போட்டு வாக்கியத்தை உரக்கப் படியுங்கள்.

ஒரு வரியில் சந்தேகம் இருந்தால், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் எழுதி, இது சரிதானா என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். அது வந்து சேரும் வரை கையெழுத்திட வேண்டாம்.